கையில் இருக்கும் வேலை

காலையில் வேலைக்குப் போகிறோம். போனதும் கடிகாரத்தைப் பார்க்கிறோம். "எப்போது மணி ஐந்து ஆகும்?" என்று காத்து இருக்கிறோம். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்து இருக்கிறோம். அதுவும் வந்து விட்டால், "ஐயோ, நாளை திங்கட்கிழமை!" என்று கவலைப்படுகிறோம்.

வீட்டிலும் இதே கதைதான். "பிள்ளை படித்து முடிக்கட்டும். பிறகு நிம்மதி" என்கிறாள் தாய். படித்து முடித்ததும், "வேலை கிடைக்கட்டும்" என்கிறாள். வேலை கிடைத்ததும், "கல்யாணம் ஆகட்டும்" என்கிறாள். நிம்மதி தள்ளித் தள்ளிப் போகிறது. வயது தள்ளிப் போகுமா? போகாது!

எட்டு மணி நேரம் தூங்குகிறோம். எட்டு மணி நேரம் உழைக்கிறோம். விழித்து இருக்கும் நேரத்தில் பாதி, வேலையில் போகிறது. அதை வேண்டா வெறுப்பாகக் கழித்தால், விழித்து இருக்கும் வாழ்நாளில் பாதியைத் தெருவில் எறிந்தது போல் ஆகும்.

புத்தகம் கட்டிய பையன்

இங்கிலாந்து நாட்டில் ஓர் ஏழைக் கொல்லர் இருந்தார். அவருடைய மகன் 1805-ம் ஆண்டில், 14-வது வயதில், லண்டனில் ஒரு கடையில் தொழில் பழகச் சேர்ந்தான். புத்தகம் கட்டும் தொழில். ஏழு ஆண்டு பழக வேண்டும்.

தாளை மடிக்க வேண்டும். தைக்க வேண்டும். பசை தடவி அட்டை போட வேண்டும். மறுநாளும் அதே வேலைதான். ஆனால் பையன் சலித்துக்கொள்ளவில்லை. கட்டுவதற்கு வந்த புத்தகங்களை, ஓய்வு நேரத்தில் படித்தான். ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை இருந்தது. அது அவன் மனதைக் கவர்ந்தது. கையில் இருந்த சிறு காசைக் கொண்டு, தானே சோதனைகள் செய்து பார்த்தான்.

1812-ல், கடைக்கு வரும் ஒருவர் அவனுக்கு நுழைவுச் சீட்டு கொடுத்தார். ஹம்ப்ரி டேவி என்ற பெரிய விஞ்ஞானியின் சொற்பொழிவைக் கேட்கப் போனான். கேட்டதை எல்லாம் எழுதினான். படமும் வரைந்தான். அந்தத் தாள்களைத் தன் கையாலேயே புத்தகமாகக் கட்டி, டேவிக்கு அனுப்பினான். 1813-ல் டேவியிடம் உதவியாளர் வேலை கிடைத்தது!

அந்தப் பையன்தான் மைக்கேல் பாரடே. காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கலாம் என்று 1831-ல் கண்டவர் அவர்தான். நமது மேட்டூர் அணையில் மின்சாரம் எடுப்பதும் அந்த முறையில்தான்.

புத்தகத் தொழிலை விட்டுப் போக வேண்டும் என்ற ஆசை பாரடேக்கும் இருந்தது. ஆசைப்படுவது தவறு அல்ல. ஆனால், "நல்ல வேலை கிடைக்கட்டும், பிறகு ஒழுங்காக உழைக்கலாம்" என்று அவர் இருந்து விடவில்லை. கையில் இருந்த வேலையை நன்றாகக் கற்றார். அந்த வேலையே அவருக்குக் கதவைத் திறந்து விட்டது.

மனம் எங்கே?

அமெரிக்காவில், ஹார்வார்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2,250 பேரிடம் கைப்பேசி மூலம் அவ்வப்போது கேட்டார்கள். "இப்போது என்ன செய்கிறீர்கள்? மனம் அதில் இருக்கிறதா? மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்பவை கேள்விகள்.

முடிவு 2010-ல் வெளிவந்தது. 100-க்கு 47 பங்கு நேரம், மனம் வேறு எங்கோ அலைந்தது! அலையும் போது மகிழ்ச்சி குறைந்தது. பிடிக்காத வேலை செய்யும் போதும் அப்படித்தான்.

ஆகவே, செய்யும் வேலையில் மனதை வையுங்கள். தைக்கிறீர்களா? நேற்றைய தையலை விட இன்றைய தையல் நேராக வருகிறதா என்று பாருங்கள். சமைக்கிறீர்களா? கடுகு வெடிக்கும் ஓசையைக் கேளுங்கள். குழந்தை பள்ளிக்கூடக் கதை சொல்கிறதா? கைப்பேசியைக் கீழே வைத்து விட்டுக் கேளுங்கள். அந்தக் கதையை நாளைக்குக் கேட்க முடியாது.

ஒன்றை மறக்கக் கூடாது. வேலையில் மகிழ்ச்சி கொள்ளுங்கள் என்றால், குறைந்த கூலிக்குத் தலை ஆட்டுங்கள் என்று பொருள் அல்ல. நியாயமான கூலியைக் கேட்டு வாங்க வேண்டும்.

சம்பளம் மாதம் ஒரு முறை வருகிறது. வேலையில் கிடைக்கும் மகிழ்ச்சி, அன்றாடம் கிடைக்கும் கூலி. அதை யாரும் வீட்டுக்குக் கொண்டு வந்து தர மாட்டார்கள். நாம்தான் அன்றன்றைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும்!