கச்சான் காற்றும் இறுகிய மார்பும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் வன்னியில் நிழலும் சுடும். அந்த வெக்கையில், மேற்சட்டைக்குள் மார்பை இறுக்கும் இன்னோர் உடையோடு உழைப்போரும் எம்மிடையே உள்ளனர். பெண்ணெனப் பதியப்பட்டு ஆணாக வாழும் திருநம்பியர் அவர்கள். அந்த உடையின் பெயர் பைண்டர்.

வவுனியாவில் பேருந்துக்குக் காத்திருந்த இளைஞரொருவர் மயங்கிச் சரிந்ததைக் கண்டேன். பொத்தானைக் கழற்ற முனைந்த கைகளை அவர் தட்டிவிட்டார். உள்ளே இருந்தது பைண்டர்கூட அல்ல. சுளுக்குக்குச் சுற்றும் பண்டேஜ். அது மூச்சுக்கு இடங்கொடாது இறுகும். விலா எலும்பையும் வருத்தும். ஒருபோதும் அதைச் சுற்றலாகாது.

மருத்துவ அறிவுரை எளியது. அளவான பைண்டரையே அணிக. எட்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். உறங்கும்போதும் கடும் உடலுழைப்பின்போதும் கழற்றுக. வியர்வை ஊறியதைத் துவைத்து உலர்த்துக. தாகம் எடுக்குமுன்பே தண்ணீர் அருந்துக. வெக்கை மிகுந்த நாளில் தளர்வான பருத்திச் சட்டை போதும். தலை சுற்றினால் நிழலுக்குச் சென்று உடனே கழற்றுக.

ஆனால் எங்கே கழற்றுவது? ஒற்றை அறை வீட்டிலா, சந்தையிலா?

2016ஆம் ஆண்டுச் சுகாதார அமைச்சின் சுற்றறிக்கை, பாலின அங்கீகாரச் சான்றிதழுக்கு வழி திறந்தது. அதைக் கொண்டு பிறப்புச் சான்றிதழையும் திருத்தலாம். காகிதத்தில் கிடைத்த மதிப்பு, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையாகவும், ஏளனமின்றி விசாரிக்கும் தாதியாகவும் எமது வைத்தியசாலைகளுக்கு வரவேண்டும். அந்த இளைஞர் வெயிலைவிட எமது பார்வைக்கே அதிகம் அஞ்சினார். வெயிலைத் தணிக்க எம்மால் இயலாது. பார்வையை மாற்ற இயலும்.