திரை காட்டும் நிறத்தை நம்பலாமா?

செம்பனைக் குலை பழுத்துவிட்டதா என்பதை நிறமே சொல்லிவிடும். கருஊதாவாக இருக்கும் காய் செம்மஞ்சளாக மாறும். பழம் உதிரத் தொடங்கும். ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த மாணவர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால், அதே குலையின் படத்தை இரண்டு கணினிகளில் திறந்தால், ஒன்றில் சிவந்தும் மற்றொன்றில் மங்கியும் தெரியலாம். எதை நம்புவது?

இது சின்ன விஷயமன்று. வரைகலை, அச்சு, காணொளித் துறைகளுக்குப் போக விரும்பும் நம் மாணவர்கள் பலர் பழைய கணினியில்தான் பழகுகிறார்கள். திரையில் நீலம் தூக்கலாக இருந்தால், அதை ஈடுகட்ட மஞ்சளைக் கூட்டுவார்கள். அச்சாகி வரும் திருவிழாச் சுவரொட்டி மஞ்சளித்துப் போயிருக்கும். நேர்காணலில் அதைப் பார்ப்பவர் திரையையா குறை சொல்வார்? மாணவரின் திறமையைத்தான் சந்தேகிப்பார்.

இதற்கு விலை உயர்ந்த திரைதான் தீர்வு என்பதை நான் ஏற்கவில்லை. 1993-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டு வண்ணக் கூட்டமைப்பு (ஐசிசி), ஒரு சாதனம் நிறங்களை எப்படிக் காட்டுகிறது என்பதைப் பதிவுசெய்யும் பொதுவான கோப்பு முறையை வகுத்தது. இதை 'புரொஃபைல்' என்பார்கள். திரைமேல் ஒரு சிறிய அளவுக்கருவியை வைத்து, கிரேம் கில் உருவாக்கிய ஆர்கில் எனும் இலவச மென்பொருளை இயக்கினால் அந்தக் கோப்பு கிடைத்துவிடும்.

லினக்ஸ் கணினியில் அக்கோப்புகளை நிர்வகிக்க, ரிச்சர்ட் ஹியூஸ் எழுதிய 'கலர்டி' இருக்கிறது. அதன் கட்டளையின் பெயர் 'கலர்எம்ஜிஆர்'. நடிகர் நினைவுக்கு வந்தால் தவறில்லை. 'மேனேஜர்' என்பதன் சுருக்கம்தான் அது! 'கெட்-டிவைசஸ்' என்று சேர்த்துத் தட்டினால் சாதனங்கள் வரிசையாக வரும். 'இம்போர்ட்-புரொஃபைல்' கோப்பை உள்ளே கொண்டுவரும். அதைத் திரையோடு இணைக்கவும், வழக்கமாகப் பயன்படுத்தச் சொல்லவும் தனித்தனிக் கட்டளைகள் உள்ளன.

சுட்டியால் சொடுக்கினால் போதாதா? ஒரு கணினிக்குப் போதும். கணினிக்கூடத்தில் இருபது இருந்தால், கட்டளைகளை ஒருமுறை எழுதி வைத்து ஒவ்வொன்றிலும் ஓட்டலாம். செய்தது என்ன என்பதும் எழுத்தில் இருக்கும். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதைப் படித்துத் தொடரலாம்.

இரண்டு எச்சரிக்கைகள். ஒரு திரையின் கோப்பை இன்னொன்றுக்குப் போடுவது, பக்கத்து வீட்டுக்காரரின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொள்வது போன்றது. திரை பழசாக ஆக அதன் நிறமும் மாறும். எனவே மறுபடியும் அளக்க வேண்டும். அதனால்தான் கோப்பின் பெயரிலேயே கணினி எண்ணும் தேதியும் இருக்க வேண்டும் என்கிறேன்.

வரைகலை படிக்காதவருக்கு இது எதற்கு என்று கேட்கலாம். குலையின் முதிர்ச்சியைப் படம் மூலம் கண்டறியும் ஆய்வுகள் நம் நாட்டிலேயே நடக்கின்றன. அந்தப் படங்களைத் திரையில் பார்த்து 'பழம்', 'காய்' என்று பிரிப்பவருக்கும் நம்பகமான திரை வேண்டும்.

அளவுக்கருவியைப் பள்ளிக்கு ஒன்றாக வாங்க வேண்டியதில்லை. கோல சிலாங்கூர் பள்ளிகளின் கணினிக் கழகங்கள் பணம் சேர்த்து ஒன்றை வாங்கி, முறைவைத்துப் பயன்படுத்தலாம். மென்பொருளுக்குக் காசில்லை. மாணவர்களே, இந்த யோசனையை அடுத்த கழகக் கூட்டத்தில் நீங்களே எழுப்புங்கள்.