‘பால் பைத்தான்’ படம் அனுப்பி என்ன கலர்னு கேட்கிறவங்களுக்கு

சுகர் ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பி “டாக்டர், இது நார்மலா?” என்று கேட்பவர்கள் எப்பவும் உண்டு. இப்போ கூடவே பாம்புப் படமும் வர ஆரம்பிச்சிருக்கு. “டாக்டர், இது பனானாவா, அல்பினோவா? ரேர்னு சொல்லி விக்கிறாங்க, வாங்கலாமா?” போன வாரம் காரைக்குடியில இருந்தே ஒரு தம்பி கேட்டார்.

நான் கால்நடை மருத்துவர் இல்லை. எம்பிபிஎஸ் படிச்சு அரசு மருத்துவமனையில வேலை பார்க்கிறவன். ஆனா பாம்புக்கும் எங்க வார்டுக்கும் உள்ள உறவு உங்களுக்கே தெரியும். அதனால இதுல எனக்கு ஒரு கருத்து இருக்கு. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல பெயர். இது குடிக்கிற பால் இல்லை, பந்து. பயந்தால் தலையை நடுவில் வைத்து உடம்பைப் பந்து மாதிரிச் சுருட்டிக்கொள்ளும். (எந்தப் பாம்பும் பால் குடிக்காது, அதைத் தனியாப் பேசுவோம்.) கானா, டோகோ, பெனின் போன்ற ஆப்பிரிக்க நாடுகளில் வாழும் சின்ன மலைப்பாம்பு. விஷம் கிடையாது. காட்டில் இருக்கும்போது அதன் நிறம் கறுப்பும் பழுப்பும்தான்.

மற்ற நிறமெல்லாம் மரபணு மாற்றம். காட்டில் எப்போதாவது ஒன்று இப்படிப் பிறக்கும். அதைப் பிடித்து, இணை சேர்த்துப் பெருக்கியதுதான் கடையில் விற்கும் ‘மார்ஃப்’. அல்பினோ பால் பைத்தானை 1992-ல் அமெரிக்காவில் பாப் கிளார்க் என்பவர் முதன்முதலாக இனப்பெருக்கம் செய்தார். வியாபாரம் அங்கிருந்து சூடு பிடித்தது.

சரி, கேட்ட கேள்விக்குப் பதில். கண்ணைப் பாருங்க. வெள்ளையும் மஞ்சளுமான உடம்பு, கண் சிவப்பு என்றால் அல்பினோ. டைரோசினேஸ் என்ற மரபணு பழுதானதால் மெலனின் என்ற கறுப்பு நிறமி உருவாகவில்லை. மனிதர்களில் வரும் அல்பினிசத்தின் முதல் வகைக்கும் காரணம் அதே மரபணுதான்! உடம்பு முழுக்க வெள்ளை, கண் நீலம் என்றால் அது அல்பினோ இல்லை, லூசிஸ்டிக். பனானா மஞ்சளும் வெளிறிய ஊதாவும் கலந்தது. வயது ஏற ஏற உடம்பில் கறுப்புப் புள்ளிகள் வரும், கனிந்த வாழைப்பழத் தோல் மாதிரி. அங்கங்கே திட்டுத் திட்டாகத் தூய வெள்ளை என்றால் பைபால்ட். பார்க்க வெண்புள்ளி மாதிரி இருந்தாலும் இது பிறவியிலேயே வருவது.

இதுவரை கண்ணால் பார்த்துச் சொல்லலாம். ஏமாற்று இதுக்கு மேலதான்.

‘ஹெட்’ என்று ஒரு வார்த்தை சொல்லி விற்பார்கள். பாம்பு பார்க்க சாதாரணமாத்தான் இருக்கும், ஆனா உள்ளே அல்பினோ மரபணு ஒன்று ஒளிஞ்சிருக்கு, குட்டி போட்டா அல்பினோ வரும் என்பார்கள். (பால் பைத்தான் போடுவது முட்டை. அதையாவது சரியாச் சொல்லலாம்!) அப்படி ஒரு நிலை நிஜமாவே உண்டு. நம்மிடம் தலசீமியா கேரியர் இருக்கிற மாதிரி. ஆள் நல்லா இருப்பார், பரிசோதனை செய்தால்தான் தெரியும். ஆக, ஒரு பாம்பு அல்பினோ ஹெட்டா இல்லையா என்பதைப் படத்தைப் பார்த்து நானும் சொல்ல முடியாது, விற்கிறவரும் சொல்ல முடியாது. மரபணுப் பரிசோதனையோ தாய் தகப்பன் விவரமோ வேண்டும்.

அந்தத் தாய் தகப்பன் விவரத்தைத் தோண்டினால் இன்னொன்று தெரியும். குழந்தைக்குப் பிறவிக் குறை இருந்தால் ஓபியில் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, “சொந்தத்துல கல்யாணமா?” ஒளிந்திருக்கும் மரபணுக்கள் இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர அது வாய்ப்பாகிறது. பாம்பு வளர்ப்பில் இதைத் தெரிஞ்சே செய்றாங்க. அரிய நிறத்தை வெளியே கொண்டுவர மகனைத் தாயோடும், அண்ணனைத் தங்கையோடும் சேர்ப்பது அங்கே சகஜம்.

ஸ்பைடர் என்றொரு மார்ஃப். சிலந்தி வலை மாதிரி மெல்லிய கோடுகள், பார்க்க அழகு. ஆனால் தலை ஆடிக்கொண்டே இருக்கும். சிலது தலையைத் திருகித் திருகி மல்லாந்து போகும், இரையைக் குறி பார்த்துக் கவ்வத் தெரியாது. உடம்பின் சமநிலையைக் காக்கும் உள்காது அமைப்பே கோணலாக உருவாகியிருப்பதாக 2022-ல் ஆய்வு வெளியானது. தலைசுற்றல் நோயாளி கட்டிலைப் பிடித்துக்கொண்டு படுகிற பாட்டை வாரம் ஒரு தடவையாவது பார்க்கிறேன். அதை ஆயுசு முழுக்க அனுபவிக்கிற ஒரு பிராணியை ‘டிசைன்’ என்று விலை போட்டு விற்பதை என்னால் ரசிக்க முடியலை.

இனி எனக்கு உண்மையிலேயே பயம் தருகிற விஷயம்.

ரீல்ஸ் பார்த்து, தடித்த உடம்பு, பழுப்பில் திட்டுகள் என்றாலே “பைத்தான், ஒண்ணும் செய்யாது” என்று பிள்ளைகள் பழகிவிட்டார்கள். நம்ம கண்மாய்க் கரையிலும் வயல் வரப்பிலும் அதே தடித்த உடம்பு, அதே பழுப்பில் திட்டுகளோடு கிடப்பது கண்ணாடி விரியன். முதுகில் வரிசையாகச் சங்கிலி கோர்த்த மாதிரி நீள்வட்டங்கள் இருக்கும், குக்கர் மாதிரிச் சீறும். கடித்தால் ரத்தம் உறையாது, சிறுநீரகம் போய் டயாலிசிஸ் வரை இழுக்கும். மலைப்பாம்பு என்று நினைத்துக் கையில் தூக்குவது இதன் விஷயத்தில் நடக்கிற விபரீதம். நிறத்தை நம்பிப் பாம்பை அடையாளம் காணாதீங்க. 2023-ல் கோவையில் வெள்ளை நிற நல்ல பாம்பு ஒன்றைப் பிடித்துக் காட்டில் விட்டார்கள். தோல் வெளுத்ததே தவிர விஷம் வெளுக்காது. நாங்களும் பாம்பின் நிறத்தைக் கேட்டு வைத்தியம் செய்றதில்லை. கண்ணாடிக் குழாயில் ரத்தத்தை 20 நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்க்கிறோம். கடித்தால் பாம்பைத் தேடி நேரத்தை விடாமல் நேரா ஜிஎச் வாங்க. விஷமுறிவு மருந்து இலவசம்.

ஆப்பிரிக்கப் பாம்பு செட்டிநாட்டு வீட்டுக்கு எப்படி வருகிறது என்று யோசித்தீர்களா? 2023 ஜனவரியில் சென்னை விமான நிலையத்தில், பாங்காக்கில் இருந்து வந்து கேட்பாரற்றுக் கிடந்த பெட்டிகளில் 45 பால் பைத்தான்களைச் சுங்கத்துறை பிடித்தது. அதே ஆண்டு ஜூலையில், நமக்குப் பக்கத்தில் இருக்கிற திருச்சியில், கோலாலம்பூரில் இருந்து வந்த ஒரு பயணியின் பையில் 47 மலைப்பாம்புகள், 2 பல்லிகள். காற்றோட்டம் இல்லாத பெட்டிக்குள் டப்பாவில் அடைபட்டு வந்த உயிர்கள். இதில் ‘ரேர்’ என்று பெருமைப்பட என்ன இருக்கு?

சட்டமும் மாறிவிட்டது. 2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் பால் பைத்தான் இருக்கிறது. 2024 பிப்ரவரி விதிகளின்படி அப்போது வைத்திருந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அதன் பிறகு வாங்குபவர்கள் 30 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். நம்ம ஊர் மலைப்பாம்பு முதல் அட்டவணை, அதை வீட்டில் வளர்க்கவே கூடாது.

அதனால அந்தத் தம்பிக்குச் சொன்ன பதில்: வாங்காதீங்க. விற்கிறவரிடம் பதிவுச் சான்றும் இறக்குமதிக் காகிதமும் கேட்டுப் பாருங்க, பேச்சு அங்கேயே நின்னுடும்.

ஏற்கெனவே வீட்டில் இருந்தால் பயந்துபோய் ராத்திரியோடு ராத்திரியா கண்மாயில விட்டுடாதீங்க. அது செத்துப்போகும், இல்லைன்னா நம்ம பாம்புகளுக்கு இல்லாத நோயைக் கொண்டுவரும். வனத்துறை அலுவலகத்தில் விவரம் சொல்லி என்ன செய்யணும்னு கேளுங்க. அதுவரை தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. ஊர்வன உடம்பில் சால்மோனெல்லா கிருமி இருக்கும். அஞ்சு வயசுக்குக் கீழ் பிள்ளைகள் இருக்கிற வீடுன்னா அந்தக் கூண்டுப் பக்கமே அவங்களை விடாதீங்க.