கோயம்பேட்டிலிருந்து வந்தவர்களை ஒதுக்காதீர்கள்

(2020 மே மாதத்தில் எழுதிய கடிதம்)

2020 மார்ச் 25 முதல் நீடிக்கும் கொரோனா ஊரடங்கு எங்கள் குரும்பலூர் போன்ற சிற்றூர்களை முடக்கிவிட்டது. பேருந்து இல்லாததால், சொந்த வண்டி இல்லாத விவசாயி விளைந்த காய்கறியைப் பெரம்பலூருக்குக் கொண்டுபோக வழியில்லை. சின்ன வெங்காயம் வைத்திருப்போர், வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். மே 11 முதல் டீக்கடைகள் திறந்தாலும் பார்சல் மட்டும்தான். முடிதிருத்துவோர், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர் எல்லோருக்கும் அன்றாடக் கூலியே போய்விட்டது. ஏப்ரலில் அரசு தந்த 1,000 ரூபாயும் ரேஷன் பொருள்களும் அடுப்பெரிய உதவின. தொழிலை மீட்க அவை போதாது.

இந்த நிலையில், தொற்று பரவியதால் மே 5-ல் சென்னையின் கோயம்பேடு சந்தை மூடப்பட்டது. அங்கே மூட்டை தூக்கிய நம் பிள்ளைகள் ஊர் திரும்பினர். அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் தொற்று திடீரென உயர்ந்ததும், அவர்களைக் குற்றவாளிகளைப் போலப் பார்க்கிறார்கள். தலைநகரின் சமையலறைகளுக்குக் காய்கறி தடையின்றிப் போனது அவர்கள் உழைப்பால்தான். நெரிசலைக் குறைக்கச் சந்தையை முன்கூட்டியே பிரித்திருந்தால், இவ்வளவு பேருக்குத் தொற்றியிருக்காது.

தனிமைப்படுத்தப்பட்டவர்களின் வீடுகளுக்கு மளிகையும், வேலையிழந்தவர்களுக்கு நூறு நாள் வேலைத் திட்டம் போன்ற கூலி வேலையும் உடனே கிடைக்க வேண்டும். தோட்டக்கலைத் துறை வாகனம் அனுப்பி, விளைபொருளைக் கிராமத்திலேயே கொள்முதல் செய்ய வேண்டும். மாவட்ட நிர்வாகம் இதில் தாமதிக்கக் கூடாது.

- ஒரு வாசகர், குரும்பலூர், பெரம்பலூர் மாவட்டம்.