நீலமா, பச்சையா, ஆரஞ்சா?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பல வீடுகளில் பொழுது விடிவதே ஆவின் பாக்கெட்டோடுதான். நீலமா, பச்சையா, ஆரஞ்சா என்பது வீட்டுக்காரர்கள் எடுக்கும் முடிவு என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில், கடையில் எவை இருக்கின்றன, எது எதற்குப் பக்கத்தில் என்ன விலையில் இருக்கிறது என்பதே பாதி முடிவை எடுத்துவிடுகிறது.

2022 நவம்பரில் நடந்ததைப் பாருங்கள். 6 சதவீதக் கொழுப்புள்ள ஆரஞ்சு பாக்கெட், அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ரூபாய் ஆனது. 4.5 சதவீதக் கொழுப்புள்ள பச்சை 44 ரூபாயிலும், 3 சதவீதமுள்ள நீலம் 40 ரூபாயிலும் அப்படியே இருந்தன. அதுவரை 'இன்னும் நாலு ரூபாய் போட்டால் கெட்டிப் பால்' என்று ஆரஞ்சு வாங்கியவர்களுக்கு, திடீரென்று 16 ரூபாய் வித்தியாசம். தினம் அரை லிட்டர் என்றால் மாதம் 240 ரூபாய். பச்சையின் விலை ஒரு பைசா மாறவில்லை. ஆனால் அது சட்டென்று மலிவாகத் தெரிந்தது.

மூன்று விலையில் மூன்று பொருள் இருந்தால் பலரின் கை நடுவில் உள்ளதற்குப் போகும். இதை இட்டமார் சைமன்சன் என்ற ஆய்வாளர் 1989-லேயே எழுதினார். ஓட்டலில் மினி, மீடியம், ஃபேமிலி என்று மூன்று அளவு வைப்பதும் இந்தக் கணக்கில்தான்.

அந்த நடுப் பொருளே மாறினால்? 2023-இல் பச்சைக்குப் பதிலாக 'டிலைட்' என்ற ஊதா பாக்கெட்டைக் கொண்டுவர ஆவின் முடிவு செய்தது. அரை லிட்டர் அதே 22 ரூபாய்தான். கொழுப்பு மட்டும் 3.5 சதவீதம். எதிர்ப்பு கிளம்பியது. காலை ஆறு மணிக்கு, 'பச்சை வரலைம்மா, ஊதாதான் இருக்கு' என்று கடைக்காரர் சொன்னால், அடுத்த தெருவுக்கு யார் நடப்பார்கள்? அடுப்பில் டிகாக்‌ஷன் காத்திருக்கும்.

2024 டிசம்பரில் வைட்டமின் ஏ, டி சேர்த்த 'கிரீன் மேஜிக் பிளஸ்' அறிவிக்கப்பட்டது. 450 மில்லி 25 ரூபாய். 22-க்கும் 25-க்கும் மூன்று ரூபாய்தானே என்று தோன்றும். லிட்டர் கணக்கில் பார்த்தால் 44 எங்கே, ஏறக்குறைய 55 ரூபாய் 55 காசு எங்கே!

பாலுக்கு மட்டுமல்ல, எண்ணெய், சோப்பு, பிஸ்கட் எல்லாவற்றுக்கும் மூன்று பழக்கங்கள் உதவும்:

* கடைக்குப் போகும் முன்பே எது, எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். பெரியவர்களின் காபிக்கு நீலமே போதும் என்றால் நீலம்தான்.

* பாக்கெட் விலையைப் பார்க்காமல், ஒரு லிட்டர் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று போட்டுப் பாருங்கள். கைப்பேசியில் ஒரு நொடி வேலை.

* நிறம், பெயர் மாறியிருந்தால் பின்பக்கத்தில் அளவையும் சத்து விவரத்தையும் படியுங்கள்.

கடையில் என்ன இருக்கும் என்பது நம் கையில் இல்லை. நமக்கு எது தேவை என்பது நம் கையில்தான் இருக்கிறது.