கேட்டகரி குறைஞ்சா சோகமா?

2023 செப்டம்பர்ல 'லீ' ஹரிக்கேன் அட்லாண்டிக் நடுக்கடல்ல ஒரே நாளுக்குள்ள கேட்டகரி 1-லிருந்து 5-க்கு ஏறிச்சு. காற்றின் வேகம் மணிக்கு 260 கிலோமீட்டருக்கு மேல! புயல் ரசிகர்கள் தூங்காம சாட்டிலைட் படம் பார்த்தாங்க. மறுநாளே வேகம் சரிஞ்சது. 'அவ்வளவுதானா?'ன்னு ஏமாற்றம்.

அந்த 'அவ்வளவுதானா'தான் எனக்கு உறுத்துது. கேட்டகரிங்கிறது உச்சபட்ச காற்று வேகம் மட்டும்தான். மழையோ, புயலின் அகலமோ அதில் கிடையாது. வேகம் குறைஞ்ச நாட்கள்லதான் லீயின் கண்ணைச் சுத்தி இருந்த சுவர் உடைஞ்சு, வெளியே அதைவிடப் பெரிய வளையம் உருவாச்சு. புயல் பலவீனமாகல, பரவிடுச்சு. (கிரிக்கெட்ல ஸ்பீட் கன் மட்டும் பார்த்து பௌலரை எடைபோடுற ஆளுங்க நம்ம கிளாஸ்லயும் உண்டு.)

செப்டம்பர் 16 அன்று கனடாவின் நோவா ஸ்கோஷியாவைத் தொட்டப்போ அது ஹரிக்கேனே இல்லை. ஆனாலும் மரங்கள் சாய்ஞ்சு, லட்சத்துக்கும் அதிகமான இணைப்புகளில் கரண்ட் போச்சு.

அடுத்த புயலைப் பின்தொடரும்போது நேஷனல் ஹரிக்கேன் சென்டர் அறிக்கையில் கேட்டகரியோட நிறுத்திடாதீங்க. மையத்துலிருந்து காற்று எவ்வளவு தூரம் வீசுதுன்னு கொஞ்சம் கீழே ஒரு வரி இருக்கும், அதையும் படிங்க.