வாகனங்களின் முன் கிரில்லை மறைக்கும் அலங்கார மூடிகளை முறைப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
வாகனப் பழுதுபார்ப்போர் சங்கம்,
நாமக்கல்.

பெறுநர்
போக்குவரத்து ஆணையர் அவர்கள்,
போக்குவரத்துத் துறை, தமிழ்நாடு அரசு,
சென்னை.

பொருள்: முன் கிரில்லின் மேல் பொருத்தப்படும் அலங்கார மூடிகளால் என்ஜின் சூடேறிப் பழுதாவது – தகுதிச் சான்று ஆய்வில் சேர்க்கவும் விற்பனையை முறைப்படுத்தவும் வேண்டுவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

நாமக்கல் வட்டாரத்தில் லாரி, வேன், கார் பட்டறை நடத்திப் பிழைப்பவர்கள் நாங்கள். ஒரே வகையான பழுது கோடைதோறும் எங்கள் பட்டறைகளுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அதன் செலவோ பல நேரங்களில் அதற்குக் காரணமே இல்லாத ஓட்டுநரின் தலையில் விழுகிறது. அதனால்தான் இந்த மனு.

சென்ற கோடையில் கொல்லிமலை ஏறிய ஒரு சுற்றுலா வேனைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். காரவள்ளியிலிருந்து மேலே 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வளைவு ஏறுவதற்குள் ஏ.சி.யில் சூடான காற்று வந்திருக்கிறது. ஏ.சி. கோளாறு என்று நினைத்த ஓட்டுநர் அதை அணைத்துவிட்டு மேலே ஏறியிருக்கிறார். சிறிது தூரத்தில் ஹீட் முள் சிவப்பைத் தொட்டது. பட்டறையில் பிரித்துப் பார்த்தபோது ஹெட் கேஸ்கெட் போயிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்து பால் காபி நிறமாகியிருந்தது. அலுமினிய ஹெட் வளைந்திருந்தது. ரேடியேட்டரில் அடைப்பில்லை. வாட்டர் பம்ப், ஃபேன், தெர்மோஸ்டாட் எல்லாமே நன்றாக இருந்தன. பிறகுதான் வண்டியின் முகத்தைப் பார்த்தோம். கம்பெனி கிரில்லின் மேல் நெருக்கமான பூவேலை செய்த எவர்சில்வர் தகடு, அதன் மேல் எல்.இ.டி. விளக்குப் பட்டை, கீழே வேனின் பெயர்ப்பலகை. காற்று புக மிஞ்சியிருந்த இடம் பாதிகூட இல்லை. தகட்டை மாட்டச் சொன்னவர் உரிமையாளர். பழுதுச் செலவு பிடிக்கப்பட்டது ஓட்டுநரின் சம்பளத்தில்.

என்ஜினில் எரியும் டீசலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் வண்டியை ஓட்டும் வேலையாகிறது. மீதி வெப்பம். ஒரு பகுதி புகையோடு வெளியேற, இன்னொரு பெரும்பகுதியைக் கூலன்ட் சுமந்து வந்து ரேடியேட்டரில் இறக்கியாக வேண்டும். அதை வாங்கிக்கொண்டு போவது கிரில் வழியாக நுழையும் காற்று ஒன்றுதான். பல வண்டிகளில் ரேடியேட்டருக்கு முன்பாகவே ஏ.சி. கண்டன்சரும் இன்டர்கூலரும் நிற்கின்றன. மூன்றுக்கும் சேர்த்து ஒரே வாசல். 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில், என்ஜினுக்கே மீண்டும் திருப்பி விடப்படும் புகையைக் குளிர்விக்கும் வேலையும் அதே கூலன்ட்டின் மேல் ஏறியிருக்கிறது. கிரில்லின் அளவைக் கம்பெனிக்காரர்கள் கணக்குப் போட்டுத்தான் வைக்கிறார்கள். அந்தக் கணக்கில் நாம் கடையில் வாங்கி மாட்டும் தகட்டுக்கு இடமில்லை.

தேசிய நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்காற்றே பெரும்பாலும் போதும். மலையில் நிலைமை வேறு. முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்ந்து ஏறும் வண்டிக்கு எதிர்காற்று கிடையாது, சுமையோ முழுச் சுமை. ஃபேன் மட்டுமே துணை. முன்பக்கம் அடைபட்டிருந்தால் ஃபேன் என்ஜின் அறையின் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் காற்றும் பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிடுகிறது. இதோடு வெயிலையும் சேர்த்துப் பாருங்கள். கூலன்ட் 95 டிகிரியிலும் வெளிக்காற்று 30 டிகிரியிலும் இருந்தால் இடைவெளி 65. கத்திரியில் வெளிக்காற்று 42 டிகிரி ஆனால் இடைவெளி 53 தான். அதே காற்றோட்டத்தில் ரேடியேட்டர் இறக்கும் வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகிறது. இருக்கும் மிச்சத்தையும் தகடு தின்றுவிடுகிறது.

தகடு என்ன செய்துவிடும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சான்று சொல்கிறோம். கனடாவிலும் அமெரிக்காவின் வடபகுதியிலும் உறைபனிக் காலத்தில் என்ஜின் சூடு குறையாமலிருக்க லாரி கிரில்லின் மேல் வேண்டுமென்றே உறை கட்டுகிறார்கள். வெயில் வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். அவர்கள் பனிக்குக் கட்டுவதை நாம் மே மாதத்தில் அழகுக்காக மாட்டிக்கொண்டு திரிகிறோம்.

எல்லா மூடியும் கெடுதல் என்று நாங்கள் சொல்லவில்லை. அகன்ற கண் வைத்த மூடி, சமவெளியில் இரண்டு பேரோடு ஓடும் காரில் எந்தத் தொல்லையும் தராது. ஆபத்து அங்கேதான் ஒளிந்திருக்கிறது. பத்து மாதம் ஒன்றும் செய்யாத மூடி பதினோராவது மாதம் திம்பத்திலோ வால்பாறை சாலையிலோ ஆள் நிறைந்த வண்டியை நிறுத்திவிடும். ஆயுத பூஜைக்கும் சபரிமலைப் பயணத்துக்கும் வண்டிக்கு மாலை போடுவதைத் தடுக்கவும் நாங்கள் கேட்கவில்லை. நாங்களும் போடுகிறவர்கள்தான். ஆனால் உதிரும் இதழ் ரேடியேட்டர் இடுக்கில் ஒட்டிக் காய்ந்துவிடுகிறது. பூஜை முடிந்ததும் கிரில்லை விட்டு மாலையை எடுத்துவிட வேண்டும் என்று ஓட்டுநர்களுக்குச் சொல்ல ஆள் வேண்டும்.

எங்கள் தொழிலிலும் குறை உண்டு. வண்டி ஹீட் ஆகிறது என்று வந்தால் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிந்துவிட்டு அனுப்பும் பழக்கம் இன்னும் சில பட்டறைகளில் இருக்கிறது. அது நோயை விட்டுவிட்டு வேறொன்றை அறுப்பது. அந்தப் பழக்கத்தை எங்கள் உறுப்பினர்கள் கைவிட நாங்களே பொறுப்பேற்கிறோம்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் வடிவமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. முன்பக்க இரும்புத் தடுப்புகளை அகற்ற நடவடிக்கை எடுக்கும்படி 2017 டிசம்பரில் மத்திய அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது இந்தப் பிரிவை வைத்துத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்க வழியிருக்கிறது. ஆனாலும் சாலையில் வண்டியை மறித்து அபராதம் போடும்படி நாங்கள் கேட்கவில்லை. அப்படிச் செய்தால் அந்தப் பணமும் ஓட்டுநரிடமிருந்தே போகும்.

எங்களுக்கு முதலில் வேண்டியது எஃப்.சி. எனப்படும் தகுதிச் சான்று ஆய்வில் ஒரு மாற்றம். போக்குவரத்து வாகனங்கள் எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு வருகின்றன. அப்போது கிரில்லை மறைக்கும் தகடு, விளக்குப் பட்டை, பலகை ஆகியவற்றைக் கழற்றிய பிறகே சான்று தரும்படி சுற்றறிக்கை அனுப்ப வேண்டும். எது கூடும், எது கூடாது என்பதும் அதில் தெளிவாக இருக்க வேண்டும். ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் இருக்கிறது. கடைகளில் விற்கும் மூடிகளில் சிலவற்றை அங்கே கொடுத்துச் சோதித்து, எத்தனை பங்கு திறப்பு இருந்தால் பாதுகாப்பு என்பதை அறிவிக்கச் செய்யுங்கள். அந்த அளவை அட்டையில் அச்சிடாத மூடி விற்பனைக்கு வரக்கூடாது. மலையடிவாரச் சோதனைச்சாவடிகளில், ஏறும் முன் மூடியைக் கழற்றச் சொல்லி ஒரு பலகை வைத்தாலே பல என்ஜின்கள் தப்பும். உரிமையாளர் மாட்டிய பொருளால் வந்த பழுதை ஓட்டுநர் சம்பளத்தில் பிடிப்பது குறித்து, தொழிலாளர் துறையுடன் பேசி ஒரு வழி காணவும் வேண்டுகிறோம்.

ஆய்வாளர்களுக்குச் செயல்விளக்கம் தேவையென்றால், மூடி மாட்டிய வண்டியையும் மாட்டாத வண்டியையும் ஒரே மலையில் ஒரே சுமையோடு ஏற்றிக் காட்ட எங்கள் உறுப்பினர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். அதற்கு ஊதியம் வேண்டாம். அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன் சுற்றறிக்கை வெளிவர ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்